சட்டத்துக்கு வெளியே

பைசாந்தூவில், ஆற்றுக்கு நான்கு தெரு தள்ளி,
எங்கள் பேக்கரி இரவு இரண்டு மணிக்கு விழிக்கும்.
பதினொன்றுக்கு நான் வீடு திரும்பும்போது
முழங்கைவரை மாவு.
மோரோ அதை நக்கி முடிக்கும்வரை
கேமராவைத் தொடவிடாது.

பழைய கேமரா. மைத்துனர் எவரிஸ்தோ
வாங்கிய கடனுக்கு ஈடாகக் கொடுத்தது.
பின்பக்கத் திரை செத்துவிட்டது.
என்ன எடுத்தேன் என்பது
ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் கணினியில்தான் தெரியும்.
அதுவரை ஒரு வாரக் கொல்லை
என் பைக்குள் இருட்டில் கிடக்கும்.

எடுப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.
பெயிண்ட் டப்பாக்களில் ஜெரேனியம்.
யாரும் நடாமல் குழாயடியில் முளைத்த தக்காளி.
எலுமிச்சைக் கிளையில் காயும் என் மேலங்கி,
ஒரு கை மட்டும் காற்றில் உயர்ந்து,
வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி.
மோரோ எப்போதும் கலங்கல்தான்:
நில் என்றால் வரும், வா என்றால் உட்காரும்.
முந்நூறு படங்களில்
இரண்டில்தான் அதற்கு முகம் இருக்கிறது.

ஃபெலிசா வேறு. ஆமை.
அவளைப் படமெடுக்க அவசரம் வேண்டாம்
என்று நினைத்தால் அங்கேதான் தப்பு.
குனிந்து, துளையில் கண் வைத்து,
மூச்சைப் பிடித்து அழுத்துவதற்குள்
தக்காளி மறைவுக்குப் போயிருப்பாள்.
நாயைக்கூட எப்படியோ பிடித்துவிடுகிறேன்.
ஆமைக்குத்தான் பிந்திவிடுகிறேன்.

இடப்பக்கச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.
அதற்கு அப்பால் பல்தசார் ஒலிவேரா,
ரயில்வேயில் ஓய்வுபெற்றவர்.
ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.
நாற்பது சென்டிமீட்டர் மண்ணுக்காக
நகராட்சி, வக்கீல், நில அளவைக்காரர்
என்று படியேறி இறங்கி
இருவரும் தோற்றோம், சுவர் ஜெயித்தது.
சட்டப்படி அது இருவருக்கும் பொது.
என் சட்டத்துக்குள் அதை நான் விடுவதில்லை.
எலுமிச்சையில் தொடங்கும் படம்
கோழிக்கூண்டில் முடிந்துவிடும்.

அக்டோபர். குளிரெல்லாம் மண்ணுக்குள் உறங்கிய ஃபெலிசா
முதுகில் சருகோடு எழுந்து வந்த வாரம்.
அக்கா மாட்டே நீட்ட, உறிஞ்சியபடியே
படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.
செவ்வாய்க்கிழமை. மோரோ இடித்து
கேமரா திரும்பியிருக்க வேண்டும்.
சுவரடியில், மழைத் தண்ணீர் போக விட்ட துவாரம்.
அதிலிருந்து ஒரு கை.
கைக்கடிகாரம், நரைத்த முடி,
விரல் நுனியில் ஒரு லெட்டூஸ் இலை.
எதிரே ஃபெலிசா, கழுத்தை
நான் பார்த்தே இராத நீளத்துக்கு நீட்டி.

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
கணக்குப் போட்டேன்: அந்தக் கை அங்கே வர
எழுபத்து மூன்று வயது மனிதர்
மண்ணில் குப்புறப் படுத்திருக்க வேண்டும்.
பழைய படங்களைத் திறந்தேன்.
மார்ச், பிப்ரவரி, போன வருட டிசம்பர்.
எல்லாவற்றிலும் ஃபெலிசா
இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
அது அவள் சுபாவம் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை கேமராவை
இடப்பக்கம் நகர்த்தி வைத்தேன்.
எவ்வளவு என்று அளக்கவில்லை,
நாற்பது சென்டிமீட்டர் இருக்கும்.
சத்தம் கேட்டுக் கை பின்வாங்கிவிடக் கூடாதே என்று
துவைக்கும் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து
பொத்தானை மட்டும் அழுத்தினேன்.
மழை பிடித்துக்கொண்டது. வாரம் முழுக்க மழை.

ஞாயிறு பார்த்தால்
துவாரத்தில் கை இல்லை,
கலங்கல் தண்ணீர் ஓடுகிறது.
அதன் முன்னால், நனைந்து, அசையாமல்,
ஒவ்வொரு மீசை முடியும் எண்ணும்படி
மோரோ.
மூன்றாவது முகம்.
யாருக்காகவோ காத்திருக்கிற முகம்.